மூன்று சுழிக் கறுப்பு

குனோவிட்சேயில் இன்றும் மூட்டம்.
விமானதள வேலிக்குள் ஒரு முயல்கூட அசையவில்லை.
சமையலறை மேசையில்
ரொட்டித் துகள்களைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
ஒரு விமானத்துக்கு ஜன்னல் திறந்துகொண்டிருக்கிறேன்.

எளிய விதிதான்.
சிவப்பு சுழி, பச்சை சுழி, நீலம் சுழி.
மூன்றும் சுழியான கறுப்பைக்
கறுப்பென்று எண்ணாது இந்த நிரல்.
இங்கே ஒன்றுமில்லை என்று எண்ணும்,
பின்னாலிருக்கும் வானத்தை உள்ளே விடும்.

அப்படித்தான் ஊற்றினேன்,
முகப்புச் சட்டகத்தின் விளிம்புவரை.
பறக்கவிட்டுப் பார்த்தால்
ஜன்னல் முழுக்கத் தார் பூசியதுபோல் இருட்டு.
உயரமானியின் முகத்தையோ காணோம்.
அது இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு பொத்தல்.
பொத்தலுக்குள் ஒல்ஷாவா ஆறு, பாப்ளர் வரிசை,
யாருடையதோ ஒரு கோதுமை வயல்.
வெள்ளை முள் மட்டும்
எதிலும் ஒட்டாமல் வயலின் மேல் சுற்றியது.

ஒத்மார் பின்னால் நின்று சிரித்தான்.
சிரித்ததற்காகப் பிறகு தேநீர் போட்டான்,
எனக்குச் சர்க்கரையோடு, அவனுக்கு இல்லாமல்.

மார்ச்சில் மருத்துவர் அவனுடைய உரிமத்தை
மேசையின் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.
ஒரு விரலால்தான் இழுத்தார், அவ்வளவு இலேசாக.
அன்றிலிருந்து வீட்டில்
வானிலை பற்றி யாரும் பேசுவதில்லை.

இரவு ஒன்றரைக்குக் கண்டுபிடித்தேன்.
சட்டகத்தைச் சுருக்கிச் சேமித்திருக்கிறேன்.
சுருங்கும்போது கறுப்பில் தூசி விழுந்திருக்கிறது:
இங்கே ஒரு இரண்டு, அங்கே ஒரு மூன்று,
இடது மூலையில் நீலம் மட்டும் ஐந்து.
என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கன்னங்கரேல்.
நிரலுக்கு அப்படியில்லை.
கொஞ்சம் இருப்பதும் அதற்கு இருப்பதுதான்.

உயரமானி முகத்தை நானே வரைந்தேன், சுத்தமாக,
தூசியே இல்லாமல். அதனால்தான் தொலைந்தது.
அதற்கு மருந்து ஒன்று, ஒன்று, ஒன்று.
கறுப்பாய்த் தெரிய வேண்டுமென்றால்
முழுக் கறுப்பாய் இருக்கக் கூடாது.
இதை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்,
பல்மருத்துவர் சந்திப்புச் சீட்டுக்குக் கீழே.

முள்தான் மூன்று நாள் எடுத்துக்கொண்டது.
அதன் ஓரத்தை மென்மையாக்கியிருந்தேன்,
பாதி வெள்ளை, பாதி கறுப்பு.
பாதி என்றால் என்னவென்று அந்த விதிக்குத் தெரியாது.
நகக்கண் அழுக்குபோல் முள்ளைச் சுற்றி ஒரு கோடு,
எத்தனை தேய்த்தாலும்.
கடைசியில் நான்காவது எண் ஒன்றைக் கூட்டினேன்:
எவ்வளவு தெரியலாம் என்பதற்கு மட்டும் ஓர் எண்.
சுழிக்கும் இருநூற்றைம்பத்தைந்துக்கும் இடையில்
எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.
கோடு போயிற்று.

பிறகு கண்ணாடிப் பளபளப்பு.
அதை வரைய முடியாது.
கொட்டகையில் நிற்கும் அவனுடைய விமானத்தில்
போன வாரம் எடுத்த படத்திலிருந்து
உரித்து எடுத்தேன், முட்டைத் தோல்போல்.
முகத்தின் மேல் விரித்தபோதுதான் பார்க்கிறேன்,
அதில் நானும் இருக்கிறேன்.
ஆரஞ்சு மழைச்சட்டை, தூக்கிய கை,
கையில் முகத்தை மறைக்கும் தொலைபேசி.
அழிக்கும் கருவியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
நான்காவது எண்ணை இருபத்தெட்டுக்கு இறக்கினேன்.

சனிக்கிழமை ஒத்மார் பறந்தான்.
ஜன்னல் திறந்திருந்தது, ஆறு ஆற்றின் இடத்தில்.
இரண்டாயிரம் அடியில் குனிந்தான்.
“உயரமானிக்குள் யாரோ நிற்கிறார்கள்.”
“எடுத்துவிடவா?”
இடது திருப்பம். இறக்கை மடல்களை இறக்கினான்.
பதில் சொல்லவில்லை, வேகத்தைப் பார்த்தான்.
“எத்தனை சதவீதம்?”
“பதினொன்று.”
“ம்.”

ஓடுபாதையின் நடுக்கோட்டுக்குக்
கொஞ்சம் வலப்பக்கமாய்த்தான் இறங்கினான்.
காற்று என்றான்.
காற்றையே நான் போட்டிருக்கவில்லை.