குறைந்தபட்சக் கோடு

வக்கீல் எழுதிய பட்டியலில் கெட்டில் இல்லை.
சோபா எனக்கு. டிவி ரோலண்டுக்கு.
மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் கூடாரம்
இருவருக்குமே வேண்டாம்.
கிரிம்ஸ்பியில் வீடு விற்க நாளாகும் என்றார்கள்,
பதினான்கு மாதம் ஆகிவிட்டது.
வாசலில் நட்ட ‘விற்பனைக்கு’ப் பலகை
கடல்காற்றில் சாய்ந்து சாய்ந்து
இப்போது பக்கத்து வீட்டை விற்கிறது.

ஃபிரிட்ஜை டேப் ஒட்டிப் பிரித்தாயிற்று.
மேல்தட்டில் அவன் பால், கதவோரம் என் பால்.
ரொட்டி டப்பாவிலும் பெயர் எழுதினோம்.
சமையல் மேடையில் இது ஒன்றுதான்
எங்கே கோடு போடுவது என்று தெரியாமல்
நின்றுகொண்டிருந்தது.

நாலே முக்காலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
முனக ஆரம்பிக்கும்.
முதலில் யாரோ மணலில் நடப்பது போல,
பிறகு தூரத்து ரயில்,
பிறகு டக்.
மீன் ஏலத்துக்குக் கிளம்புகிறான்.
கதவை மெதுவாகச் சாத்துகிறான்,
இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில்
ஒருநாள்கூட மெதுவாகச் சாத்தாதவன்.

ஏழு மணிக்கு இறங்கி வந்து
விளக்கைப் போடும் முன்பே
அதன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்.
குளிர்ந்திருந்தால் நேரத்துக்குப் போயிருக்கிறான்.
வெதுவெதுப்பு இருந்தால்
மறுபடியும் முதுகு பிடித்துக்கொண்டது,
பூட்ஸ் நாடா கட்ட நேரமாகியிருக்கிறது.
கேட்பதில்லை. கேட்கும் உரிமை
பட்டியலில் யாருக்கும் எழுதப்படவில்லை.

கண்ணாடிப் பட்டையில் ஒரு சிவப்புக் கோடு:
இதற்குக் குறைந்து நீர் ஊற்றாதே.
கோடு இரண்டு கோப்பைக்கு இருக்கிறது.
அவன் குடிப்பதோ ஒன்று.
ஆகவே தினமும் ஒரு கோப்பை வெந்நீரை
எனக்கு விட்டுவிட்டுப் போகிறான்,
நான் அதை மறுபடி கொதிக்க வைக்கிறேன்.
எச்சில் இல்லை, மிச்சம்.
வக்கீலிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால்
மணிக்கணக்குப் பார்த்துக் கட்டணம் போடுவார்.

இந்த ஊர்த் தண்ணீரில் பாதி சுண்ணாம்பு.
கோப்பையில் வெள்ளைச் செதில் மிதந்தால்
‘எலும்புக்கு நல்லது’ என்பான், அப்போதெல்லாம்.
மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றி ஊறவைப்பேன்.
கழுவிக் கவிழ்த்து வைப்பது அவன்.
யாரும் யாரிடமும் சொல்லி நடந்ததல்ல.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
டக் சத்தம் வரவில்லை.
ரயில் வந்துகொண்டே இருந்தது.
போர்வைக்குள் எண்ணினேன், நூறு, நூற்றைம்பது,
பிறகு வெறுங்காலோடு ஓடினேன்.

கோட்டு மாட்டி நின்றிருந்தான்.
மூடி திறந்து கிடக்க, தண்ணீர் துள்ளிக்கொண்டிருந்தது.
மேலே அலமாரியில் பெயின்ட் கொப்புளித்து
ஒரு துளி அவன் தோளில் விழுந்தது.
‘ஆள் கிடைச்சாச்சு. நேத்தே சொன்னாங்க.’
‘கேட்ட விலைக்கா?’
‘மூவாயிரம் குறைச்சு.’
கையை நீட்டி மூடியை அழுத்தினேன்.
டக்.

இரண்டு கோப்பை எடுத்தது நான்தான்.
பாலை எடுத்தவன் கதவோரத்திலிருந்து எடுத்தான்.
பார்த்தேன், சொல்லவில்லை.
நின்றபடியே குடித்தோம்,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
அன்றைக்கு ஏலத்துக்குத் தாமதமாகத்தான் போயிருப்பான்.

சனிக்கிழமை வாங்குகிறவர்கள் வந்தார்கள்.
ஜன்னல் அகலம், கதவு உயரம்,
எல்லாவற்றையும் அளந்தார்கள்.
அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும்,
கழுத்தில் மஞ்சள் துண்டு.
மேடையில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி கேட்டாள்:
‘இந்தக் கெட்டிலை விட்டுட்டுப் போவீங்களா?
எங்களோடது மூட்டையில எங்க இருக்குன்னே தெரியல.’

‘தாராளமா’ என்றேன் நான்.
‘இல்லை’ என்றான் ரோலண்ட்.
ஒரே நேரத்தில்.

அவள் கணவன் கையிலிருந்த அளவு நாடா
சடாரென்று சுருண்டு உள்ளே போனது.