இருபத்தெட்டுக் கோடி வரிகள்

பொத்தானை அழுத்திவிட்டுக்
கெண்டியை அடுப்பில் வைப்பேன்.
கெண்டி கொதித்து, ஆறி, மறுபடி கொதிக்கும்.
அதற்குப் பிறகுதான் திரை
என் பெயரைக் கேட்கும்,
பதினோரு வருடமாய் என்னைப் பார்த்ததே இல்லை என்பதுபோல.

"தூக்கிப் போடுங்கள்" என்றான் மருமகன் லிசாந்த்ரோ,
சாந்தியாகோவிலிருந்து, போனில்.
சாந்தியாகோவில் எதையும் தூக்கிப் போடலாம்.
புந்தா அரேனாஸில்
போட்டதைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து
வாசலில் வைத்துவிட்டுப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை
சமையல் மேசையில் செய்தித்தாளை விரித்து
அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன்.
ஒன்பது திருகாணிகள்,
முட்டை அட்டையில் குழிக்கு ஒன்று.
விசிறிக்குள் கம்பளி.
பொய்யில்லை, ஆட்டுக் கம்பளி.
மயிர் கத்தரிக்கும் மாதங்களில்
நோல்பெர்த்தோவின் சட்டையேறி வீட்டுக்கு வந்தது.
கொக்கி ஊசியால் இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது,
ஒரு கைக்குழந்தைக்குக் காலுறை பின்னுமளவு.
இதைத் தொண்டையில் வைத்துக்கொண்டுதான்
பொர்வெனீர் படகின் சரக்குக் கணக்கை
இத்தனை நாள் எனக்குக் கூட்டித் தந்திருக்கிறது.

நினைவகத் துண்டு ஒன்று
அடுத்த வீட்டு மிலேன்காவிடம் கிடைத்தது.
விலை: இரண்டு பாட்டில் ருபார்ப் ஜாம்.
டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தச் சொன்னாள்.
அழுத்தினேன்.
அந்த டக்கில்
எது உடைந்தது என்று வயிறு கலங்கியது.
எதுவும் உடையவில்லை.

பிறகு உள்வீடு.
திறந்தவுடன் எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியல்,
எல்லாம் பந்திக்கு மட்டும் முந்துகிற கூட்டம்.
செத்துப்போன பிரிண்டரின் ஏவலாள்.
கடலில் விழுந்த கேமராவுக்கு ஓர் உதவியாளர்.
வானிலை சொல்கிறேன் என்று ஒருவன்
(இந்த ஊரில், ஜன்னல் இருக்கும்போது).
யாரும் கூப்பிடாமல் வந்த இரண்டு காவல்காரர்கள்
ஒருவனை ஒருவன் சந்தேகித்தபடி.
இலையை மடித்து எல்லாரையும் அனுப்பினேன்.
ஒருவன் மட்டும் எழவில்லை.

பெயர்: காற்று.
வேலை: வினாடிக்கு ஒரு வரி.
ஒன்பது வருடம்,
இருபத்தெட்டுக் கோடி வரிகள்,
வட்டில் ஊசி வைக்க இடமில்லை.
கூரைமேல் சுழலும் அந்த மூன்று கிண்ணங்களை
நான் அலங்காரம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பாதிச் சவரத்தில் வந்து நின்றான் நோல்பெர்த்தோ.
"எதற்கு இது?"
"தெரிந்துகொள்ள."
"என்ன தெரிந்தது?"
நுரை ஒரு சொட்டு
முட்டை அட்டையில் விழுந்தது.
"அடிக்கிறது" என்றான்.

நான் நாளைக்கு ஒன்று என்றேன்.
அவன் நிமிடத்துக்கு ஒன்று என்றான்.
மீன் சந்தையில்கூட இவ்வளவு பேசியதில்லை.
பத்து நிமிடத்தில் படிந்தது.
பழைய வரிகளை அழிக்கும்போது
வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.
"நேற்றைய காற்றுதானே" என்றேன்.
"ஆமாம், நேற்றைய காற்றுதான்" என்றான்,
என்னைவிட மெதுவாக.

மூடி, திருகி, பொத்தானை அழுத்தினேன்.
எட்டுத் திருகாணிதான் இருந்தது, போகட்டும்.
தண்ணீர் சூடேறுவதற்குள்
பெயர் கேட்டுவிட்டது.
கெண்டியைப் பார்த்தபடி நின்றேன்,
இப்போது அதுதான் தாமதம்.

சாயங்காலம் வீடு ஒரு முறை தோளைக் குலுக்கியது.
மிலேன்காவின் கோழிக்கூட்டுத் தகரம்
வேலியைத் தாண்டி, எங்கள் முட்டைக்கோசுகளைத் தாண்டி,
நீரிணைப் பக்கம் போனது.
ஓடிப்போய்த் திரையைப் பார்த்தான்.
நாலு மணிக்கு அறுபத்திரண்டு.
நாலு பத்துக்கு ஐம்பத்தெட்டு.
இரண்டுக்கும் நடுவே
ஒன்றுமே நடக்கவில்லை.
முன்பு ஏழு நிமிடம் யோசித்த இயந்திரம்
கண்ணிமைக்கும் நேரத்தில் இதைச் சொன்னது.

சரக்குக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து
பென்சிலை நீட்டினேன்.
கொஞ்சம் யோசித்தான். எழுதினான்:
நாலு மணி ஆறு நிமிடம்.
வேகம், ஒரு கோழிக்கூரை.

வெளியே மிலேன்கா,
ஏழு கோழிகளை
கையால் எண்ணிக்கொண்டிருந்தாள்.