மூன்றா எட்டா

காவேரிப்பாக்கம் ஏரிக்கு நடுவே
பத்துக் கருவேலமும் ஒரு பாம்புப் புற்றும்
நிற்க மட்டும் இடமுள்ள மண்மேடு.
தண்ணீர் ஏறினால்தான் அது தீவு.
சித்திரையில் ஆடுகள் நடந்தே போகும்.

இது தை. ஞாயிறு. மணி ஐந்தரை.
முனிரத்தினம் தெர்மாகோல் தெப்பத்தில்
ஒவ்வொருவராகக் கொண்டுவந்து இறக்கினார்.
"இம்மாத்தூண்டு குருவிக்கு வளையம் போட
இத்தினி பேரா?"
இத்தினி பேர் என்பது நானும் தில்ஷாத்தும்.

மூங்கில் கழிகளுக்கு இடையே வலையைக் கட்டிவிட்டு
புற்றுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தோம்.
பெங்களூர் லாரிகள் கியர் மாற்றும் சத்தம்
கரை தாண்டித் தண்ணீர் மேல் வந்தது.

முதல் சுற்றில் ஒரு தையல்சிட்டு. உள்ளூர்.
இரண்டாவதில் வெறும் இலை.
மூன்றாவதில்
கண் மேல் கறுப்பு மை அப்பிய பழுப்புக் கீச்சான்,
தில்ஷாத்தின் கட்டைவிரலைக் கவ்வியபடி.
"ஏய், கால்ல பார்."

ஏற்கெனவே ஒரு வளையம்.
நாங்கள் போட்டது.
நான்கு, பூஜ்யம், ஏழு, ஒன்று,
கடைசி எண்ணின் மேல் ஒரு கீறல்.
மூன்றா, எட்டா?

வாரத்தில் ஆறு நாள் ராணிப்பேட்டையில்
தோல் தரம் பிரிப்பது என் வேலை.
மேசையில் விரித்ததைத் தடவினால் போதும்:
இது முள்வேலி, இது உண்ணி கடித்தது,
இது சூட்டுக்கோல், இது வண்டிக்காரன் சாட்டை.
ஒரு மாட்டின் முழு ஆயுளையும்
ஐந்து விநாடியில் படித்து
இரண்டாம் தரம் என்று சாக்பீஸால் எழுதிவிடுவேன்.
ஒரு மில்லிமீட்டர் எண்ணைப் படிக்க வரவில்லை.

நோட்டில் இரண்டுமே இருந்தன,
மூன்று தைக்கு முன், ஒரே காலையில்.
மூன்று: எடை இருபத்தொன்பது. நலம். பறந்தது.
எட்டு: எடை இருபத்தேழு.
இடக்கால் வலையில் முறுக்கிக்கொண்டது.
பறக்கவில்லை, புதருக்குள் நடந்து போனது.
பிழைக்குமா தெரியவில்லை.

கையெழுத்து என்னுடையது.
நூலை அறு, நூலை அறு என்று
தில்ஷாத் சொன்னாள் அன்றைக்கு.
புது வலையாச்சே என்று தயங்கியவன் நான்.

இடக்காலை நீட்டிப் பார்த்தோம்.
நேராகத்தான் இருந்தது.
நேராக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
"எட்டு. வளைவு மூடியிருக்கு பார்."
"மூடியிருக்கறது கீறல்," என்றாள்.
முனிரத்தினமும் குனிந்தார்.
"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது.
எங்கேர்ந்து வர்து இது?"
"சைபீரியா பக்கம்."
"அம்மாந்தூரம் வழி தெரிஞ்சி வர்றதுக்கு
நம்பர் இன்னாத்துக்கு?"

எடை முப்பது. இறக்கை எண்பத்தாறு.
வளைய எண் கட்டத்தில்
ஒரு சுழியின் மேல் இன்னொரு சுழி போட
பேனா தானாகவே வளைந்தது.
நிறுத்தினேன்.
கேள்விக்குறி போட்டேன்.

பழையதை எடுக்கவில்லை.
புது வளையம் இடக்காலில்.
இடுக்கியை அழுத்தி முடிக்கும்வரை
மூச்சு விடவில்லை நான்.

கையைத் திறந்ததும்
கருவேல உச்சிக்குப் போய் உட்கார்ந்து
எங்கள் மூவரையும் பார்த்துக் கத்தித் தீர்த்தது.
"நாலாவது சுற்று, நேரமாச்சு," என்றாள் தில்ஷாத்.
போகிற போக்கில்
கத்திரிக்கோலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.