கிண்ணத்துக்கும் கொஞ்சம்

செம்பனை லாரி கிளப்பிய தூசி அடங்குமுன்
பானட்டைத் தூக்கிவிட்டாள் குணவதி.
எழுபத்தேழாம் வருஷ டட்சன்.
பஹாவ் இரும்புக்கடை டர்போ
நத்தையாய்ச் சுருண்டிருக்கிறது எக்ஸாஸ்ட் ஓரம்.

பாலம்வரைதான் ஓடியது.
மூவாயிரத்தில் சீறி
நாலாயிரத்தில் விக்கி
நின்றேவிட்டது.

கார்புரேட்டரைப் பிரித்தால்
உள்ளே பித்தளை மிதவை,
மிதிபட்ட பால்டின் மாதிரி.
"காத்து போவுது, எண்ணெய் வரமாட்டேங்குது"
என்றான் ஆரோக்கியம்.

வரும்.
மேலே ஊதுகிற காற்றில்
கிண்ணத்துக்கும் கொஞ்சம் கொடு,
எண்ணெய் தானாக வரும்.
எஸ்டேட் கிளினிக் ரப்பர்க் குழாய்,
இரண்டு கிளிப், நசுங்காத மிதவை ஒன்று.

மறுபடி பாலம். மில். கோயில் வளைவு.
ஆரோக்கியம் கைப்பிடியை விடவே இல்லை.

எண்ணெய் வாடைதான் கொஞ்சம் தூக்கல்.
சம்பளம் வரட்டும், பார்க்கலாம்.