மூன்றாம் ஒழுங்கையில் இரண்டு ரூபா

இரணைப்பாலையில், தலை இல்லாத தென்னைகளுக்கு நடுவே
மூன்றாம் ஒழுங்கை எனது.
ஒரு மீற்றர் அகலம். இரு கரையிலும் சிவப்புக் கயிறு.
காலை எட்டேகாலுக்குக் கருவி கத்தியது.

அது எதற்கும் ஒரே மாதிரித்தான் கத்தும்:
ஆணிக்கு, சன்னத்துக்கு, மீன் பேணிக்கு, மிதிவெடிக்கு,
யாரோ ஒருத்தியின் தையல் மெசின் ஊசிக்கு.
மேலே குத்தாதே, பக்கத்தால் சுரண்டு
என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தது.
முழங்காலில் நின்று,
முகக் கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் புழுங்க,
விரற்கனம் விரற்கனமாய்
நாற்பது நிமிடம்.

வந்தது ஒரு குத்திக் காசு.
கையுறையால் துடைத்தேன். இரண்டு ரூபா. 1984.
ஒரு பக்கம் வாளோடு சிங்கம்.
மறுபக்கம் மூன்று மொழியிலும் ஒரே தொகை;
அந்த ஒரு விசயத்திலாவது மூன்றும் ஒத்துப்போயிருந்தன.

"என்னடி வந்தது?" அடுத்த ஒழுங்கையிலிருந்து பவளராணி.
"சம்பளம்."

இடைவேளையில் கணக்குப் பார்த்தோம்.
மணித்தியாலத்துக்கு எங்கள் கூலி முன்னூற்று முப்பது.
இரண்டு ரூபாவைத் தோண்ட
இருநூற்றிருபது ரூபா போயிருக்கிறது.
அதுவும் எந்த நாட்டுச் சனத்தின் வரியோ,
டொலராய் வந்து கொழும்பில் ரூபாவாய் உடைந்து.
டொலர் இருநூறிலிருந்து முன்னூற்றறுபதுக்கு ஏறிய வருசம்
எங்கள் சம்பளம் மட்டும்
மரியாதையாய் நின்ற இடத்தில் நின்றது.

இது அச்சான வருசம்
பரந்தன் சந்தியில் ஒரு பிளேன்ரீயும் வடையும்
இதற்கு வந்திருக்கும் என்றாள் பவளராணி,
அந்த வருசம் பிறந்தே இராதவள்.

பிறகு தடை.
பற்றரியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அந்தப் பக்கம் நிற்க,
விலை மட்டும் பாஸ் இல்லாமல் உள்ளே வந்தது.
புதுத் தாள் வராது.
ஐம்பது ரூபாத் தாள்கள் நாலாய்க் கிழிந்து
ஒட்டுப் பேப்பரில் உயிர் பிழைத்துக் கிடந்தன.
குத்திக் காசுக்கு அப்போது ஒரு மதிப்பிருந்தது,
நனையாது, கிழியாது என்று.

கடைசி மாசியில் எனக்குப் பதினொரு வயது.
ஒரு தேங்காய்க்கு அம்மாவின் தோடு.
ஒற்றைத் தோடுதான்;
மற்றதை அடுத்த கிழமைக்கென்று காதிலேயே விட்டிருந்தா.
தங்கம் விழுந்து அரிசி ஏறிய சந்தை அது.
இரண்டு ரூபாவை யாரும் குனிந்து எடுக்கவில்லை.
குனிந்தால் எழும்புவோமா என்பது வேறு கதை.

பொறுப்பாளர் ஞானசீலன் புத்தகத்தில் எழுதினார்:
உலோகம், ஒன்று. ஆபத்தற்றது.
எழுதிவிட்டுக் காசை என்னிடமே நீட்டினார்.

வாசலில் பழைய இரும்பு வாங்கும் றிஸ்வி
காந்தத்தைப் பிடித்துப் பார்த்தான். ஒட்டவில்லை.
"இது செம்பும் நிக்கலும் அக்கா. இப்ப வாறதெல்லாம் இரும்பு.
பதினைஞ்சு தாறன்."
காசாய் இருந்தால் இரண்டு.
காசு என்பதை மறந்தால் பதினைந்து.
ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கே தெரியாது.

பின்னேர பஸ்ஸில் உடையார்கட்டுக்கு அறுபத்திரண்டு.
வழமையாய் அந்த இரண்டுக்கு
நடத்துநரோடு ஒரு சின்னச் சண்டை வரும்.
இன்றைக்கு நூறோடு இதையும் வைத்தேன்.
நாற்பது சுளையாய்த் திரும்பி வந்தது.
முகத்தை நிமிர்த்தாமலே பைக்குள் போட்டான்;
மற்றச் சில்லறை தகரமாய்ச் சிணுங்க
இது மட்டும் கட்டையாய் விழுந்தது.

இரண்டு இருக்கை தள்ளி, மீன் கூடைக்காரி மரியபுஷ்பம்.
மிச்சக் காசில் அது அவளுக்குப் போயிற்று.
"இதென்ன தம்பி, செல்லாக் காசே?"
"அரசாங்கக் காசு அன்ரி. செல்லும்."
செதில் ஒட்டிய பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள்,
எந்தப் பக்கம் என்று நான் காணவில்லை.
பிறகு முந்தானையில் முடிந்தாள்.

தேவிபுரத்தில் இறங்கும்போது
கூடையைத் தூக்கிவிட என்னைத்தான் கூப்பிட்டாள்.
தூக்கினேன்.
முடிச்சு என் முழங்கையில் இடித்தது.