பதினொன்று நாற்பத்திரண்டு

உபி மூன்றாவது அவென்யூ, ஆறாவது மாடி.
கீழே லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்,
வாசம் ஏர்கானுக்குள்ளும் ஏறி வரும்.
எனக்கு வேலை, தேதிக்குச் சட்டை போடுவது.

பெரிய ஒய் என்றால் ஆண்டு முழுதாக.
சின்ன ஒய் என்றால் கடைசி இரண்டு எண்.
எம் மாதத்துக்குப் போய்விட்டது,
அதனால் நிமிடத்துக்கு மிஞ்சியது ஐ.
இதை மறந்து ஒருமுறை எம் போட்டேன்:
மார்ச் முழுக்க அத்தனை நோயாளிக்கும்
ஒன்பது மூன்று, பத்து மூன்று, பதினொன்று மூன்று.
கிளினிக்கில் ஒருவரும் புகார் சொல்லவில்லை.
ஏப்ரலில் எல்லாரும் நாலுக்கு மாறியபோதுதான்
மருந்து கொடுக்கும் ஆன்ட்டி கண்டுபிடித்தார்.

உலாவிக்குள் இருக்கும் இன்னொரு மொழிக்கோ
ஜனவரி பூஜ்யம்,
டிசம்பர் பதினொன்று.
சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.
ஒன்றைக் கூட்டிக்கொண்டே அதனோடு பேசுகிறேன்.

இந்த வியாழன் வந்தது ஒரு சிவப்பு வரி.
வேலப்பன் மகள் குணவதி.
பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தில்
31-12-1981, இரவு 11.42.
அடையாள அட்டை எண்ணும் எண்பத்தொன்றில்தான் தொடங்குகிறது.
நிரல் அச்சிட்டதோ
01-01-1982, 00.12.
பொருந்தவில்லை பொருந்தவில்லை என்று
திரும்பத் திரும்பத் துப்பியது.

பூன் கியாட் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.
என் பிழை என்றுதான் இருவரும் தேடினோம்.
கோப்பி ஓ ஆறிப்போனது.
நேர மண்டலக் கோப்பைத் திறந்தால்
ஆசியா, சாய்கோடு, சிங்கப்பூர்.
அதற்கடியில் ஒரு வரி:
அன்றிரவு பதினொன்றரைக்கு
இந்தத் தீவு முள்ளைப் பிடித்துப்
பன்னிரண்டில் வைத்திருக்கிறது.
ஏழரையிலிருந்து எட்டு.

ஏழரை அன்றோடு விட்டது என்று
சோசியர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.
இது அரசாங்கம் சொன்னது.
சென்னை இன்னும் ஐந்தரை;
அவர்கள் தங்கள் அரையை மடியில் முடிந்துவைத்திருக்கிறார்கள்.

பதினொன்றரைக்குப் பின், பன்னிரண்டுக்கு முன்
அந்த ராத்திரி இங்கே
ஒரு பேருந்தும் கிளம்பியிருக்க முடியாது.
கேலாங்கில் யாரோ கல்லில் போட்ட பரோட்டா
ஒரே புரட்டில் மறு வருடத்துக்குப் போயிருக்கும்.
யாரும் பிறந்திருக்க முடியாது.

போன் பண்ணினேன். குணவதி சிரித்தார்.
"தாதிக்கு முள்ளைத் திருப்ப நேரம் எங்க, தம்பி?
எங்கம்மாவைக் கேளுங்க,
வலியில அரை மணி தள்ளுபடி
அவங்களுக்குக் கிடைக்கவே இல்லையாம்."
கொஞ்சம் நிறுத்தி,
"அப்போ கணினி சொல்றதுதான் சரியா?"

சரிதான். அதுதான் தொந்தரவு.
திருப்பாத கடிகாரம் பார்த்து எழுதியிருந்தால்
பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்தான் உண்மை.
ஆனால் நாற்பதுக்கு மேல் கேக்குகள்
முப்பத்தொன்றாம் தேதியிலேயே வெட்டியாகிவிட்டது.
நடுராத்திரியில் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம்
தனக்குத்தான் சங்கு ஊதுகின்றன என்று
ஏழு வயதுவரை நம்பினாராம்.

"நேரமாக வைக்காதே, வெறும் எழுத்தாக வை"
என்றான் பூன் கியாட்.
எழுத்துக்கு மண்டலம் கிடையாது.

இரண்டு மேற்கோள் குறிக்கு நடுவில்
31-12-1981 11.42.
இனி அதைக் கூட்ட முடியாது, கழிக்க முடியாது,
லண்டனுக்கோ டோக்கியோவுக்கோ மாற்ற முடியாது.
அடுத்து வருகிறவன் திருத்திவிடாமலிருக்க
மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
இது பிழையல்ல. தொடாதே.
இவர் பிறந்துவிட்டார்.

சேமித்தபோது திரையின் மூலையில்
17.03.
மார்ச் மாதம்.
ஒரு நொடி வயிறு கலங்கியது.
எழுதியது ஐ தானா என்று
மறுபடி போய்ப் பார்த்தேன்.