எதிர்ப்பு: இரண்டு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் மாடியில்
மாதாமாதம் இரண்டாம் செவ்வாய் சங்கக் கூட்டம்.
தீர்மான நோட்டு என் பொறுப்பு.
கை தூக்குவதும் நான்,
தூக்கிய கைகளை எண்ணுவதும் நான்.

நாற்பத்து மூன்று கடை.
கிலோவுக்கு நூறு கிராம் ஈரக் கழிவு.
ஈரச்சாக்கில் சொட்டச் சொட்ட வந்தாலும் கழிவு,
உசிலம்பட்டி பஸ் கூரையில்
சித்திரை வெயிலில் சுக்காகி வந்தாலும் கழிவு.
வழக்கம் என்றால் வழக்கம்.

பதினேழாம் நம்பர் ஒச்சம்மாள் எழுந்தாள்.
"ஈரம் எம்புட்டுன்னு பாத்தமா?
பாக்காம ஏன் கழிக்கிறோம்?"
உட்கார்ந்துவிட்டாள்.
சிக்கந்தரின் கை மட்டும் அவளோடு மேலே போனது.
போண்டா வந்தது. எழுதினேன்:
ஆதரவு நாற்பத்தொன்று. எதிர்ப்பு இரண்டு.

அடுத்த மாதமும் அதே கேள்வி.
ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.
குரலும் ஏறவில்லை.
ஏறியிருந்தால் எங்களுக்குச் சௌகரியம்:
சண்டைக்காரி என்று முடித்திருப்போம்.
ஆறாம் மாதம் அவள் எழுந்ததுமே
யாரோ பின்வரிசையில் கேள்வியை முந்திச் சொல்ல
கூடம் சிரித்தது.
எங்களை அறியாமலே மனப்பாடம் செய்திருந்தோம்.

நடுவில் ஒரு மாதம்
சிக்கந்தர் கை தூக்கவில்லை.
மகள் கல்யாணம், தலைவரிடம் கைமாற்று.
"இந்தத் தடவ விட்ருவோம்க்கா."
அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சிரித்தோம்.
ஒருத்தி சொன்னால் அது அவள் குணம்.
ரெண்டு பேர் சொன்னால்தான் கேள்வி.
மறுமாதம் கடனை அடைத்துவிட்டு வந்து
பழைய இடத்தில் உட்கார்ந்தான்.
எங்கள் போண்டாவில் உப்புக் குறைந்தது.

பிறகு நடந்ததை நோட்டில் எழுதவில்லை.

வைகாசி, விடியற்காலை நாலு மணி.
செக்கானூரணிப் பையன் ஒருவன்
தராசில் மூட்டை வைத்தான். பன்னிரண்டு கிலோ.
கால்குலேட்டரில் கழிக்கப் போன விரல்
சாக்கைத் தொட்டுப் பார்த்தது.
காய்ந்து கிடந்தது.
சுற்றும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.
பன்னிரண்டு என்றே சீட்டு எழுதினேன்
திருடுகிறவனைப் போல.

அந்தச் செவ்வாயும்
நாற்பத்தொன்றில் என் கை இருந்தது.

எத்தனை கடையில் எத்தனை விரல்
இருட்டில் சாக்கைத் தொட்டதோ!
ஒருநாள் பக்கத்துக் கடைச் சீட்டு
காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தது.
அதிலும் கழிவில்லை.
மடித்து, ஒன்றும் பேசாமல் கொடுத்தேன்.
அவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் ஆடியில்
தலைவர் கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினார்.
"ரொம்ப நாளா எனக்கு ஒரு யோசன.
ஈரம் பாக்காமக் கழிக்கிறது
நல்லாவா இருக்கு?"
கைகள் மல்லிகை விலைபோல் விறுவிறுவென ஏறின.
"அதானே, நான் அப்பவே நெனச்சேன்"
என்றது பின்வரிசை, முன்பு சிரித்த அதே குரல்.
தலைவர் யோசனைக்குக் கைதட்டல், பாதாம் பால்.

வீட்டில் நோட்டைப் புரட்டினேன்,
முதலில் சொன்னது யார் என்று எழுதிவைக்க.
முப்பத்தொரு பக்கத்திலும்
என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.
எதிர்ப்பு இரண்டு. எதிர்ப்பு இரண்டு.
எங்கேயும் பெயர் இல்லை.

ஆவணிக் கூட்டம்.
இன்றைக்காவது நன்றி சொல்லுவாள்,
அல்லது குத்திக் காட்டுவாள் என்று பார்த்தோம்.
ஒச்சம்மாள் எழுந்தாள்.
"தராசு நம்பரு ஏன்
நம்ம பக்கம் மட்டும் தெரியுது?"
உட்கார்ந்துவிட்டாள்.

சிக்கந்தர் கை மேலே.
கூடம் வழக்கம்போல் சிரிக்கத் தொடங்கி
பாதியில் கொஞ்சம் திக்கியது.
நான் எண்ணினேன்.
தோள்வரை வந்துவிட்ட என் கை
காதைச் சொறிந்துகொண்டு
கீழே இறங்கியது.

எழுதினேன்: இரண்டு.
மை காயும் வரை நோட்டை மூடவில்லை.